கிராஷ்: நல்ல பாத்திரமா, நல்ல நடிப்பா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கிராஷ் (Crash) என்ற அமெரிக்கப் படத்தில் பத்துப் பதினைந்து பேர் முக்கிய வேடங்களில் வருகிறார்கள். ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது மாட் டில்லனுக்கு மட்டும். உங்களுக்கோ அவரைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்திருக்கிறது. வீட்டுப் பூட்டு மாற்ற வருகிற மனிதர்தான் மனதில் நிற்கிறார். "என் ரசனையில்தான் கோளாறா? படத்தின் மேலேயே எனக்குக் கோபம் இருக்கும்போது அதில் நடித்தவர்களைப் பாராட்டுவது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாருக்கு முதலிடம் என்ற கேள்வி மாதிரித் தெரிந்தாலும், ஒரு பாத்திரத்தின் மேல் நமக்கு வருகிற வெறுப்பையோ பாசத்தையோ நடிகரின் கணக்கில் எவ்வளவு எழுதலாம் என்பதைத்தான் நீங்கள் கேட்பதாக எடுத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் என்னால் உருப்படியாகப் பதில் சொல்லவும் முடியும்.

நான் 17 வருடமாக எடிட்டிங் செய்கிறேன். ஒரு நடிகர் ஒரே வசனத்தை எட்டு டேக்கில் எட்டு விதமாகச் சொல்வதைப் பார்த்துப் பார்த்து, எது அவர் கொண்டுவந்தது, எது எழுதியவர் கொடுத்தது, எது நாங்கள் வெட்டி ஒட்டியதில் வந்தது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. முழுக்கப் பிரித்துவிட முடியாது என்பதையும் அதே மேசைதான் கற்றுக்கொடுத்தது. ஒரு படத்தில், அப்பா இறந்த செய்தியைக் கேட்கும் மகனின் முகம் தேவைப்பட்டது. எடுத்த எல்லா டேக்கிலும் அந்த நடிகர் அளவுக்கு மீறி அழுதிருந்தார். தேடிக்கொண்டே போனபோது, வேறொரு காட்சிக்கு லைட்டிங் சரிசெய்த நேரத்தில் கேமரா ஓடிக்கொண்டிருந்த நாலைந்து விநாடி கிடைத்தது. அவர் சும்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றிருந்தார், அவ்வளவுதான். அதைத்தான் வைத்தோம். படம் வெளியான பிறகு அந்த முகத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவின் பெயரில் வழங்கும் பழைய சோதனையும் இதைத்தான் சொல்கிறது. ஒரே நடிகரின் சலனமில்லாத முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும் ஒருமுறை சவப்பெட்டியோடும் சேர்த்து ஒட்டினால், பார்ப்பவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் தாங்களாகவே படித்துக்கொள்வார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம், கிராஷ் எடிட்டிங்கில் நிற்கிற படம். பால் ஹாகிஸ் இயக்கி, 2004-இல் டொரண்டோ விழாவில் திரையிடப்பட்டு, 2005-இல் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. சிறந்த படம், திரைக்கதை, படத்தொகுப்பு என்று மூன்று ஆஸ்கர். லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டே நாளுக்குள் நடக்கும் கதை. போலீஸ்காரர்கள், அரசு வழக்கறிஞரும் அவர் மனைவியும், கார் பறிக்கும் இரண்டு இளைஞர்கள், தொலைக்காட்சி இயக்குநரும் அவர் மனைவியும், ஈரானிலிருந்து வந்த கடைக்காரரும் அவர் மகளும், பூட்டு மாற்றுபவரும் அவர் சின்னப் பெண்ணும். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படத்தில் இத்தனை பேர். ஒருவருக்கு நாலைந்து காட்சிதான். அந்த நாலைந்தும் பெரும்பாலும் எதிரெதிராக எழுதப்பட்டிருக்கும். முதலில் ஒரு கெட்ட செயல், பிறகு ஒரு நல்ல செயல். அல்லது முதலில் நல்லவர், பிறகு ஒரு குற்றம். அந்த இரண்டு கரையையும் எழுத்தாளர் கட்டிக் கொடுத்துவிட்டார். இடையில் பாலம் போட்டது யார் என்று பார்ப்பதுதான் இந்த மாதிரிப் படத்தில் என் அளவுகோல். சிலர் போட்டிருக்கிறார்கள். சிலருக்கு எடிட்டிங் போட்டுக் கொடுத்திருக்கிறது. சிலர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாவிவிடுகிறார்கள், நாமும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

டில்லனிடம் வருவோம். அவர் செய்யும் போலீஸ்காரர் ரையன், ஒரு கறுப்பினத் தம்பதியின் காரை இரவில் காரணமே இல்லாமல் நிறுத்துகிறார். சோதனை என்ற பெயரில், கணவன் கண்ணெதிரே மனைவியிடம் அத்துமீறுகிறார். மறுநாள் அதே பெண் விபத்தில் கவிழ்ந்த காருக்குள் மாட்டிக்கொள்கிறாள். பெட்ரோல் ஒழுகுகிறது. உயிரைப் பணயம் வைத்து உள்ளே நுழைவதும் அதே ரையன். எழுத்திலேயே இவ்வளவு பெரிய திருப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டால், சுமாரான நடிகர்கூடக் கவனத்துக்கு வந்துவிடுவார். இது உங்கள் எரிச்சலுக்கு ஒரு பாதி நியாயம். மறு பாதியையும் சொல்ல வேண்டும். அந்த முதல் காட்சியில் டில்லன் குரலை உயர்த்துவதே இல்லை. வில்லனாகக் காட்டிக்கொள்ள எந்த அவசரமும் இல்லை. தினமும் செய்கிற வேலையைச் செய்கிற மாதிரி நிதானமாகச் செய்கிறார். அந்த நிதானம்தான் நமக்கு வயிற்றைப் புரட்டுகிறது. நம்மைத் திரும்பத் தன் பக்கம் இழுக்க, ஒரு கண் சிமிட்டலோ தயக்கமோ வைத்து முன்கூட்டியே அவர் மன்னிப்புக் கேட்டு வைக்கவில்லை. நிறைய நட்சத்திரங்கள் அந்த இடத்தில் கேட்டுவிடுவார்கள். அப்பாவின் நோய்க்காகக் காப்பீட்டு நிறுவனத்துப் பெண்ணிடம் கெஞ்சப் போய், அங்கேயும் அவள் இனத்தை இழுத்து அவமதிக்கும் காட்சியிலும் அப்படித்தான்: பரிதாபம் வரப்போகிற நேரத்தில் அதைத் தானே கெடுத்துக்கொள்கிறார். (அந்தப் பெண்ணாக வரும் லொரெட்டா டிவைனுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். இப்படிப் பேசும் ஆட்களை நிறையப் பார்த்துவிட்ட ஒருத்தி என்பது அவர் உட்கார்ந்திருக்கும் தோரணையிலேயே தெரிகிறது.) உங்களுக்கு எரிச்சல் வந்ததென்றால், டில்லன் தன் வேலையைச் சரியாகச் செய்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆனால் அந்தக் கார் காட்சியை நான் டில்லனுடைய காட்சி என்று சொல்ல மாட்டேன். அது தாண்டிவே நியூட்டனுடையது. படத்தின் டைட்டிலில் தாண்டி என்று இருக்கும், அவரேதான். தலைகீழாகத் தொங்குகிறாள். காப்பாற்ற வந்த முகம் யாருடையது என்று தெரிந்த கணத்தில், தீயை விட அந்த முகம்தான் அவளுக்குப் பெரிய பயம். "நீ வேண்டாம், வேறு யாராவது வரட்டும்" என்று கத்துகிறாள். இது வரைக்கும் எழுத்து. இதற்குப் பிறகு வருவது அவருடையது. அந்த மனிதன் அவள் விலகிக் கிடந்த உடையை இழுத்துவிட்டு, சீட் பெல்ட்டை எடுக்க மடியைத் தாண்டிக் கை நீட்டலாமா என்று கேட்கிறான். நேற்று இரவு அனுமதி கேட்காமல் தொட்டவன் இன்று கேட்கிறான். அப்போது நியூட்டனின் முகத்தில் நன்றி வருவதில்லை. வெறுப்பு அப்படியே இருக்கிறது, பயம் அப்படியே இருக்கிறது, உயிர் பிழைக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவற்றின் மேல் ஏறி உட்காருகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. தீ நெருங்கியதும் மற்ற போலீஸ்காரர்கள் ரையனின் காலைப் பிடித்து வெளியே இழுக்கிறார்கள். அவளோ, போகாதே என்கிற மாதிரி அவனைப் பிடிக்கப் பார்க்கிறாள். யாரைத் தொடவே கூடாது என்று கத்தினாளோ அவனை. காட்சி முடிந்து வெளியே வந்தபின் திரும்பி அவனைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை மன்னிப்பு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. என்ன நடந்தது என்று அவளுக்கே புரியாத பார்வை அது. அதை மன்னிப்பாக்கிவிடாமல் நியூட்டன் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த துணை நடிகை அவர்தான். ஆஸ்கர் பட்டியலில் பெயரே இல்லை.

அடுத்து, உங்கள் பூட்டு மாற்றுபவர். பெயர் டேனியல், நடித்தவர் மைக்கேல் பெனியா. இவரை எடைபோடுவதுதான் கஷ்டம். காரணம், இவருக்கு இரண்டு கரை இல்லை. முதலிலிருந்து கடைசிவரை நல்லவர். நல்லவனாக நடிப்பதை வெளியே இருப்பவர்கள் சுலபம் என்று நினைக்கிறார்கள். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தால் தெரியும்: நல்லவர்களின் குளோசப்பில்தான் பொய் சீக்கிரம் தெரியும். டேனியல் நள்ளிரவில் அரசு வழக்கறிஞர் வீட்டில் பூட்டு மாற்றிக்கொண்டிருக்கிறார். துப்பாக்கிமுனையில் காரைப் பறிகொடுத்துவிட்டு வந்த வீட்டுக்காரி, அவர் காதில் விழும்படியே, மொட்டைத்தலையையும் பச்சைகுத்தலையும் காட்டி, இவன் ஏதோ கும்பலைச் சேர்ந்தவன், சாவியை அவர்களிடம் விற்றுவிடுவான், நாளைக்கு மறுபடி எல்லாப் பூட்டையும் மாற்ற வேண்டும் என்று கத்துகிறாள். வேலை முடிந்ததும் அவர் வந்து சாவிகளைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான் காட்சி. வசனம் இல்லை. எறியவில்லை, மெதுவாகவும் வைக்கவில்லை. வேலைக்காரன் சாவியை ஒப்படைக்க எவ்வளவு சத்தம் வருமோ, அதைவிட ஒரு பிடி அதிகமாகச் சத்தம் வருகிறது. எல்லாமே கேட்டது என்று சொல்ல அந்த ஒரு பிடி போதும். அதற்கு மேல் போனால் வேலை போய்விடும் என்று தெரிந்தவனின் கணக்கு அந்தக் கையில் இருக்கிறது.

அப்புறம் வீட்டுக்குப் போகிறார். குழந்தை வெடிச் சத்தம் கேட்டுப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறாள். அவரும் தரையில் படுத்துக்கொண்டு பேசுகிறார். தனக்குச் சின்ன வயதில் ஒரு தேவதை, குண்டு துளைக்காத, கண்ணுக்குத் தெரியாத ஒரு மேலங்கியைக் கொடுத்ததாக ஒரு கதை சொல்கிறார். கடைசியில் அந்த இல்லாத அங்கியைத் தன் தோளிலிருந்து கழற்றி, அவள் கழுத்தில் கட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்கிறார். கவனித்துப் பாருங்கள், அவர் கதை சொல்லி மாதிரிக் குரலை மாற்றுவதே இல்லை. குழந்தை நம்புகிறாளா என்று ஒவ்வொரு வரிக்கும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரியைக் கண்டுபிடிக்கிறார். எழுதிய வசனத்தை இப்போதுதான் தோன்றியது மாதிரிச் சொல்வது பெரிய வித்தை. எதிரே குழந்தை நடிக்கும்போது அது இன்னும் பெரிது. குழந்தை எப்போது பதில் சொல்லும் என்று யாருக்கும் தெரியாது. இந்தக் காட்சியில் பெனியாவின் பங்கு பெரியது என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். படத்திலேயே அதிகம் பேசப்பட்ட இன்னொரு இடத்தில், கடைக்காரர் துப்பாக்கியை நீட்ட, குழந்தை ஓடிவந்து அப்பாவின் மேல் தாவ, அவர் வாய் திறந்து கத்த, சத்தம் மங்கி இசை மேலேறும் அந்த இடத்தில், அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை. அங்கே ஒலியும் இசையும் வெட்டும் சேர்ந்து பாதி வேலையைச் செய்கின்றன. நல்ல முகம்தான். ஆனால் அந்த இடத்தில் எந்த அப்பாவின் முகத்தை வைத்தாலும் நாம் அழுதிருப்போம். அதே காட்சியில், சுட்டுவிட்ட பிறகு கையில் துப்பாக்கியோடு நிற்கும் கடைக்காரராக ஷான் டூப்பைப் பாருங்கள். என்ன செய்துவிட்டோம் என்பது அவர் முகத்துக்கு வர நேரமாகிறது. அந்தத் தாமதத்தை எடிட்டர் உண்டாக்க முடியாது, நடிகர்தான் கொடுக்க வேண்டும்.

டெரன்ஸ் ஹோவர்டை நீங்கள் குறிப்பிடவே இல்லை. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். அந்த இரவில் கணவனாக நின்ற தொலைக்காட்சி இயக்குநராக நடித்தவர். மனைவிக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டே, எச்சரிக்கையோடு விட்டுவிடுங்கள் என்று போலீஸிடம் பணிவாகக் கேட்க வேண்டிய நிலை. மறுநாள் படப்பிடிப்புத் தளத்தில் வெள்ளைக்காரத் தயாரிப்பாளர் வந்து, அந்தக் கறுப்பின நடிகன் போதுமான அளவுக்குக் கறுப்பினத்தவன் மாதிரிப் பேசவில்லை, மறுபடி எடுங்கள் என்கிறார். முதலில் இவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரிக்கிறார். பகிடி இல்லை என்று தெரிகிறது. உதடு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது, கண் நின்றுவிட்டது. பிரச்சினை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு டேக் எடுக்கப் போகிறார். பின்னால் அவர் போலீஸ் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்று வெடித்துக் கத்தும்போது நாம் நம்புவது, இங்கே அந்தச் சிரிப்பைத் துடைக்க முடியாமல் நின்றதால்தான். பாலம் போட்டவர் என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தப் படத்தில் இல்லை.

மற்றவர்களைப் பற்றி வேகமாக. அரசு வழக்கறிஞரின் மனைவியாக சாண்ட்ரா புல்லக் வழக்கமான இனிமையை முழுக்க விட்டுவிட்டு வருகிறார், அது தைரியம்தான்; ஆனால் படியில் விழுந்ததும் மனம் மாறி வேலைக்காரப் பெண்ணைக் கட்டிப்பிடிப்பது வெறும் தாவல். அதில் நடிப்பின் தவறைவிட எழுத்தின் தவறு அதிகம். வழக்கறிஞராக வரும் பிரெண்டன் ஃப்ரேசருக்குச் செய்ய ஒன்றும் கொடுக்கவில்லை. கார் பறிக்கும் இளைஞர்களில் ஒருவரான லூடக்ரிஸ் ராப் பாடகராக இருந்து நடிக்க வந்தவர், இன்னொருவரான லாரன்ஸ் டேட்டோடு சேர்ந்து நடந்துகொண்டே வாதாடும் காட்சிகளில் படத்துக்கே மூச்சு விட இடம் கிடைக்கிறது. இளம் போலீஸ்காரராக ரையன் ஃபிலிப்பி சுட்டபிறகு சரியாக இருக்கிறார், சுடுவதற்கு முன்னால் கொஞ்சம் வெறுமை.

விருது விஷயத்துக்கு வருகிறேன். டில்லனுக்கு மட்டும் பரிந்துரை என்பது உங்களை உறுத்தியது சரியான உறுத்தல். (அந்த வருடம் துணை நடிகர் விருது ஜார்ஜ் க்ளூனிக்குப் போனது.) 1967-இல் வந்த இன் த ஹீட் ஆஃப் த நைட் படத்தில் இனவெறியோடு இருந்து கொஞ்சம் மாறும் போலீஸ் அதிகாரியாக நடித்த ராட் ஸ்டைகருக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் கிடைத்தது, அவருக்குச் சமமாக நின்ற கறுப்பின நடிகர் சிட்னி பாய்ட்டியருக்குப் பரிந்துரைகூட இல்லை. 1989-இன் டூ த ரைட் திங் படத்தில் அத்தனை கறுப்பின நடிகர்கள் இருந்தும், நடிப்புக்கான பரிந்துரை பீட்சா கடைக்காரராக வந்த டேனி ஐயெல்லோவுக்குத்தான். 2017-இன் த்ரீ பில்போர்ட்ஸ் படத்தில் இனவெறி பிடித்த போலீஸ்காரராக நடித்த சாம் ராக்வெல் வென்றார். இவர்கள் எல்லோரும் நல்ல நடிகர்கள். ஆனால் மாறுகிறவனுக்குத்தான் கதையில் பயணம் எழுதப்படுகிறது, அடிபடுகிறவனுக்குப் பொறுமைதான் எழுதப்படுகிறது. நடுவர்களின் கண்ணுக்குப் பயணம் சட்டென்று தெரியும். இதை ஒரு விதி என்று நான் சொல்லவில்லை. 2011-இன் த ஹெல்ப் படத்துக்காக ஆக்டேவியா ஸ்பென்சரும், 2013-இன் 12 இயர்ஸ் எ ஸ்லேவ் படத்துக்காக லுபிடா நியோங்கோவும் அடிபடுகிறவர்களாக நடித்து வென்றிருக்கிறார்கள். அந்த இரண்டாவது படத்தில் கொடூரமான முதலாளியாக நடித்த மைக்கேல் ஃபாஸ்பெண்டர் பரிந்துரையோடு நின்றார். ஆக, ஒரு சாய்வு இருக்கிறது என்பது வரைக்கும்தான் சொல்லலாம். கிராஷுக்குக் கிடைத்ததில் எனக்கு மிகப் பொருத்தமாகப் படுவது அமெரிக்கத் திரை நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருது. அது ஒருவருக்கு இல்லை, எல்லோருக்கும் சேர்த்து.

படத்தின் மேல் கோபம் இருந்தால் நடிப்பைப் பாராட்டலாமா என்பதற்கு, தாராளமாக. திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதை அந்த வருடத்தின் சிறந்த படம் என்று எழுதினார். எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸ் அந்தப் பத்தாண்டின் மிக மோசமான படம் என்றார். நான் கோட்ஸ் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். இந்தப் படத்தில் எல்லோரும் தங்கள் இனவெறியைச் சத்தம் போட்டுச் சொல்கிறார்கள். நிஜத்தில் அது பெரும்பாலும் படிவத்திலும் புன்னகையிலும் வாடகை வீடு கிடைக்காமல் போவதிலும் இருக்கிறது. ஒருவன் தீயில் குதித்துவிட்டால் முந்தைய இரவின் கணக்கு நேராகிவிடும் என்று படம் நம்புகிற மாதிரியும் இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கை எழுத்தில் இருக்கிறது, நியூட்டனின் முகத்தில் இல்லை. ஹோவர்டின் சிரிப்பு வசனம் சொல்லாததைச் சொல்கிறது. மோசமான வரியைக்கூட நிஜமாக்குகிற நடிகர்களைப் பாராட்டினால், அந்த வரியை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

என் பார்வையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நாம் பெரும்பாலும் சப்டைட்டில் உதவியோடு பார்க்கிறோம். நியூட்டன் பிரிட்டிஷ்காரர், அமெரிக்க உச்சரிப்பில் பேசுகிறார். அது லாஸ் ஏஞ்சல்ஸ்காரர் காதுக்கு எப்படி விழும் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. டூப் தெஹ்ரானில் பிறந்தவர் என்பதால் அவர் ஆங்கிலத்தில் வரும் தடுமாற்றத்தை நம்பலாம் என்று தோன்றுகிறது, அதுவும் ஊகம்தான். எந்த மௌனம் நடிகர் விட்டது, எந்த மௌனம் எடிட்டர் நீட்டியது என்று வெளியிலிருந்து யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஷாட் வெட்டுப்படாமல் ஓடுகிற இடங்களில் மட்டும் நடிகரைக் கூடுதலாக நம்புங்கள்.

அடுத்தமுறை பார்க்கும்போது ஒன்று செய்து பாருங்கள். பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவரை மட்டும் கவனியுங்கள். துப்பறிவாளராக வரும் டான் சீடிலை அப்படிப் பார்த்தபோதுதான் எனக்கு அவர் அருமை புரிந்தது. அவர் தம்பிதான் கார் பறிக்கும் இளைஞர்களில் ஒருவன். போதைப் பழக்கத்தில் கிடக்கும் அம்மா தூங்கும்போது, சீடில் சத்தமில்லாமல் வந்து ஃபிரிட்ஜில் சாமான்களை அடுக்கிவைத்துவிட்டுப் போவார். தம்பி செத்தபிறகு அம்மா (பெவர்லி டாட்) அவரைக் குற்றம் சாட்டுகிறாள். நீ உன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், சின்னவன்தான் கடைசியாக வந்து எனக்கு மளிகைச் சாமான் வாங்கிவைத்துவிட்டுப் போனான் என்கிறாள். சீடில் அவளைப் பார்க்கிறார். வாங்கிவைத்தது தான்தான் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.